புதுக் கோச்சும் பழைய ஒன்பதாம் வகுப்பும்



ஜனவரி 20 அன்று காலை வாட்ஸ்அப்பில் நான் வைத்த சிவப்புத் தொப்பி ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு நாற்பது பேருக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். "சார், கிரிக்கெட் ஸ்கோர் கேட்டாலே முட்டி போடச் சொல்வீர்களே, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவர். "மாமா, அது எந்தக் கட்சித் தொப்பி?" என்று இன்னொருவர். எல்லோருக்கும் ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்ததுபோல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது இண்டியானா பல்கலைக்கழகத்தின் தொப்பி. அமெரிக்காவில் ப்ளூமிங்டன் என்ற ஊரில் இருக்கிறது. மகள் குடும்பம் அங்கே இருப்பதால் 2024-இல் நாங்கள் இருவரும் நான்கு மாதம் போய்த் தங்கினோம். அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து அல்ல. தலைக்கவசமும் தோள்கட்டையும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுவார்கள், வீசுவார்கள், இடித்துத் தள்ளுவார்கள். நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இந்த ஒரு விதி புரிந்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. கணக்கு வாத்தியார் அல்லவா!

மருமகன் சொன்ன கதைதான் என்னை உள்ளே இழுத்தது. இண்டியானா கூடைப்பந்துக்குப் பேர்போன இடம். ஐந்து முறை தேசிய சாம்பியன், அதில் 1976-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியோ கடைசி பெஞ்ச். நாட்டின் பெரிய கல்லூரி அணிகளிலேயே அதிகத் தோல்வி கண்ட அணி என்ற பெயர் அதற்கு இருந்தது, எழுநூறுக்கும் மேல் தோல்விகள். பிக் டென் என்ற தங்கள் பிரிவில் கடைசியாகப் பட்டம் பெற்றது 1967-இல், அதுவும் மற்ற அணிகளோடு பகிர்ந்துகொண்ட பட்டம்.

2023-இல் 12 ஆட்டங்களில் 3 வெற்றி. இருந்த கோச் டாம் ஆலனை அனுப்பினார்கள். ஒப்பந்தத்தை முறிப்பதற்கே ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அந்த மனிதரையும் ஒரு காலத்தில் கொண்டாடியவர்கள்தான். 2020-இல் அவருடைய அணி 8 ஆட்டத்தில் 6 ஜெயித்தது. அடுத்த மூன்று வருடமும் சேர்த்து ஒன்பதே வெற்றி. புதுக் கோச் வரும்போதெல்லாம் "இனி எல்லாம் மாறும்" என்பதும், மூன்று நான்கு வருடத்தில் பெட்டியைக் கட்டச் சொல்வதும் அந்த நாட்டில் வாடிக்கை.

அந்த இடத்துக்கு வந்தவர்தான் கர்ட் சிக்னெட்டி. வரும்போது வயது 62. நம் ஊரில் பென்ஷன் வாங்கிக்கொண்டு காலையில் நடைப்பயிற்சி போகும் வயது. வந்த வேகத்தில், கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவே மைக்கை வாங்கி, பர்டூ, மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் என்று மூன்று பெரிய எதிரணிகளையும் ஒரே மூச்சில் மட்டம் தட்டிப் பேசினார். சில நாள் கழித்துப் பத்திரிகையாளர் சந்திப்பில், புது வீரர்களை எப்படி நம்ப வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்" என்றார்.

இதை மருமகன் காட்டியபோது எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனை புதுத் தலைமை ஆசிரியர்களின் முதல் நாள் பேச்சைக் கேட்டிருக்கிறேன்! ஆனாலும் அவர் சொன்னபடி தேடிப் பார்த்தேன். தலைமைக் கோச்சாக அதுவரை 119 வெற்றி, 35 தோல்வி. ஒரு வருடம்கூடத் தோல்விக் கணக்கில் முடிக்கவில்லை. அதைவிட இன்னொன்று என்னை நிறுத்தியது. நாட்டின் மிகப் பெரிய அணியான அலபாமாவில், நிக் சேபன் என்ற பெரிய கோச்சுக்கு உதவியாளராக நான்கு வருடம் இருந்தவர், 2011-இல் அதை விட்டுவிட்டு, பென்சில்வேனியாவில் இரண்டாம் நிலைக் கல்லூரி ஒன்றுக்குக் குறைந்த சம்பளத்தில் போயிருக்கிறார். அவருடைய அப்பா இருபது வருடம் கோச்சாக இருந்த இடம் அது. அந்த ஊரின் பெயரும் இண்டியானாதான் என்பது ஒரு வேடிக்கை. பெரிய பள்ளியில் உதவித் தலைமை ஆசிரியர் பதவியை விட்டுவிட்டு, சின்ன ஊர்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராகப் போவதுபோல. ஐம்பது வயதில் அப்படிப் போகிறவருக்குத் தன் வேலைமேல் ஒரு பிடிப்பு இருக்கத்தான் வேண்டும். வாய்ப்பேச்சை மன்னித்துவிட்டேன்.

2024 நவம்பர் 30 இரவு பர்டூவோடு ஆட்டம். இந்த இரு அணிகளுக்கும் நூறு வருடப் பகை, ஜெயிக்கிறவர்களுக்கு ஒரு பழைய மரவாளிதான் கோப்பை. உறைபனிக் குளிரில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு கோட்டு, தலையில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தேன். 66-0. ஐம்பதாயிரம் பேர் அமரும் அரங்கத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர், முன்பின் தெரியாதவர், என்னைக் கட்டிப்பிடித்தார். இத்தனை சத்தத்திலும் சிக்னெட்டி முகத்தில் சிரிப்பே இல்லை. விடைத்தாள் திருத்தும்போது உங்கள் வாத்தியார் முகம் இருக்குமே, அப்படி. அந்த இரவே நான் ரசிகனாகிவிட்டேன்.

அந்த வருடம் 11 வெற்றி, 2 தோல்வி. அடுத்த வருடம் ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்று பிக் டென் பட்டம். புத்தாண்டு அன்று ரோஸ் பௌலில் அவருடைய பழைய அலபாமாவை 38-3 என்று வென்றார்கள். இறுதிப் போட்டி மயாமியோடு. இங்கே நமக்கு அது ஜனவரி 20 காலை. காப்பியைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். 27-21. பதினாறுக்குப் பதினாறு. தொப்பி ஸ்டேட்டஸின் கதை இதுதான்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் அன்று மாலை, நம் பழைய மாணவர் குழுவில், இப்போது ஒரு பள்ளியை நடத்தும் ஒருவர் சிக்னெட்டி படத்தைப் போட்டு, "நல்ல தலைவர் ஒருவர் வந்தால் இரண்டே வருடத்தில் நூறு சதவீதம் காட்டலாம். நம் பள்ளிகளுக்கு இதுதான் பாடம்" என்று எழுதியிருந்தார். எழுபது கைதட்டல் அதற்கு. நான் கைதட்டவில்லை. ஏன் என்று சொல்லவே இந்தப் பதிவு.

சிக்னெட்டி எப்படி ஜெயித்தார்? பயிற்சி, ஒழுங்கு, நம்பிக்கை எல்லாம் உண்மை. கூடவே வந்த உதவிக் கோச்சுகளும் உண்மை. ஆனால் முதல் வேலையாக அவர் செய்தது வகுப்பையே மாற்றியது. அங்கே டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று ஒன்று இருக்கிறது. வீரர்கள் ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதற்கான பட்டியல். முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-க்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. சிக்னெட்டி தன் பழைய ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்து மட்டும் 13 பேரை அழைத்து வந்தார். பழைய அணியிலிருந்து பலர் வெளியேறினார்கள். "என்ன செய்வான்" என்று பார்ப்பதைவிட "இதுவரை என்ன செய்திருக்கிறான்" என்று பார்த்து எடுப்பதுதான் அவர் கொள்கை. அதை அவரே வெளிப்படையாகச் சொல்கிறார்.

விளையாட்டில் அது சரி. வளர்ந்த பிள்ளைகள், தாங்களே முடிவெடுத்து மாறுகிறார்கள், இப்போது பணமும் கிடைக்கிறது. ஒரு கல்லூரியில் இடம் இல்லையென்றால் இன்னொரு கல்லூரி. பள்ளிக்கு இதைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் அதைச் செய்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில், நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியராக இருந்த வருடம், புதிதாக ஒரு தலைமை ஆசிரியர் வந்தார். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார். எங்களுக்கும் உற்சாகம்தான். காலைச் சிறப்பு வகுப்பு, மாலைத் தேர்வு, எல்லாம் நடந்தது. மார்ச் மாதம் என்னைக் கூப்பிட்டு, "தேறவே மாட்டார்கள் என்று நினைக்கிற பெயர்களை எழுதிக் கொடுங்கள் சார்" என்றார். ஏழு பெயர் எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று தெரிந்துதான் கொடுத்தேன். பெற்றோரை வரவழைத்து, "இங்கே படித்தால் ஃபெயில்தான், டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேருங்கள், இல்லாவிட்டால் பிரைவேட்டாக எழுதட்டும்" என்று பக்குவமாகச் சொன்னார்கள். கூலி வேலைக்குப் போகிற அப்பா அம்மா. கேள்வி கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் நூறு சதவீதம் வந்தது. வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் படமும் இருந்தது. லட்டு கொடுத்தார்கள், தின்றேன்.

பல வருடம் கழித்து அந்த ஏழு பேரில் ஒருவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டு, இடம் பிடித்து உட்கார வைத்தார். பேச்சுவாக்கில், "இப்பவும் நம்ம ஸ்கூல் ரிசல்ட் நல்லா வருதா சார்?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். "நம்ம ஸ்கூல்" என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

கோச்சுக்கும் வாத்தியாருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். ஏற்கெனவே செய்து காட்டியவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கோச்சுக்கு உண்டு. நமக்கு அந்த உரிமை இல்லை. வாசலில் வந்து நிற்கிற பிள்ளை எதையும் செய்து காட்டியிருக்காது. அதனால்தான் பள்ளிக்கே வருகிறது. யாரை வெளியே அனுப்பலாம் என்று யோசிக்கத் தொடங்கியதுமே நான் அந்த ஏழு பேருக்கு வாத்தியாராக இருப்பதை நிறுத்திவிட்டேன்.

அப்படியானால் சிக்னெட்டியிடம் நமக்குப் பாடமே இல்லையா? இருக்கிறது. படத்தைப் போட்டவர் பார்க்காத இடத்தில் இருக்கிறது.

முதலாவது, ஓமர் கூப்பர் என்ற பையன். இண்டியானாபொலிஸ்காரர். 2022-லிருந்தே அந்த அணியில் இருப்பவர், மூன்று ஆட்டம் மட்டும் ஜெயித்த அந்தப் பழைய வகுப்பின் மாணவர். சிக்னெட்டி வந்த பிறகும் இருந்தார். 2025 நவம்பரில் பென் ஸ்டேட்டோடு ஆட்டம். தோல்வி உறுதி என்ற நிலை, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். எல்லைக் கோட்டுக்கு வெளியே விழுந்துகொண்டே, ஒரு கால் விரலை மட்டும் கோட்டுக்குள் ஊன்றி, பந்தைப் பிடித்தார். 27-24. அது பிடிபடாமல் போயிருந்தால் பதினாறுக்குப் பதினாறு இல்லை. எல்லோரையும் மாற்றினால்தான் ஜெயிக்கலாம் என்பவர்கள் அந்தக் காட்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். பழைய பெஞ்சில் இருந்தவரிடம் புதிதாக ஒன்றை எதிர்பார்த்தார்கள், அவரும் கொடுத்தார்.

இரண்டாவது, அழைத்து வரப்பட்டவர்களும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. இலைஜா சாரட் என்ற வீரர் முதலில் ஆடியது செயின்ட் ஃபிரான்சிஸ் என்ற சின்னக் கல்லூரியில். அங்கிருந்து ஜேம்ஸ் மேடிசன், பிறகுதான் இண்டியானா. நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் பரிசு வாங்கிய ஃபெர்னாண்டோ மெண்டோசாவைப் பள்ளி முடிக்கும்போது பெரிய அணிகள் அதிகம் தேடி வரவில்லை. கலிஃபோர்னியாவில் ஆடிப் பழகித்தான் இங்கே வந்தார். ஒன்றுமே செய்து காட்டாத நாளில் இவர்களை நம்பி ஆடவிட்ட கோச்சுகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் படம் ஃப்ளெக்ஸில் வராது. பத்தாம் வகுப்பில் நூறு எடுத்த பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த மூன்றாம் வகுப்பு டீச்சர் படமும் வராது. நம் வேலை பெரும்பாலும் அந்த வேலைதான்.

உங்களில் பதினெட்டு பேர் இப்போது ஆசிரியர்கள், எண்ணி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் தலைமை ஆசிரியர்கள். இன்னும் சில வாரங்களில் உங்கள் மேசையிலும் ஒரு பட்டியல் கேட்கப்படலாம். கேட்டால், எழுதிக் கொடுங்கள். ஆனால் தலைப்பை மாற்றி எழுதுங்கள்: "இவர்களோடு கூடுதலாக ஒரு மணி நேரம் உட்காரப் போகிறேன்." நூறு சதவீதம் வராமல் போகலாம். தொண்ணூற்றிரண்டு வந்தால் அதையே ஃப்ளெக்ஸில் போடச் சொல்லுங்கள். நான் லட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன்.

அந்த ஏழு பேரில் யாராவது இதைப் படித்தால், உங்கள் வாத்தியார் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். அன்றே கேட்டிருக்க வேண்டும்.

மற்றபடி, செப்டம்பரில் அடுத்த சீசன் தொடங்குகிறது. தொப்பி பத்திரமாக இருக்கிறது. சிக்னெட்டி தோற்றாலும் கழற்ற மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்