ஆட்டம் தொடங்குமுன் விதியைச் சொல்லுங்கள்

தை பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மின்னொளிக் கபடிப் போட்டிச் சுவரொட்டிகளுக்குக் குறைவிராது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என எப்பக்கம் பேருந்தில் சென்றாலும் இதனைக் காணலாம். பரிசுத் தொகை பெரிய எழுத்திலும், நன்கொடையாளர் பெயர்கள் அதனினும் சற்றுச் சிறிய எழுத்திலும் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும் என்னும் அளவில் ஒரு வரி: ‘நடுவரின் தீர்ப்பே இறுதியானது.’ இவ்வரியோடு நமக்குச் சண்டையில்லை. தீர்ப்பு இறுதியாகவே இருக்கட்டும். ஆனால் அத்தீர்ப்பு எந்த விதியின்படி என்பது, ஆடப் போகிறவர்களுக்கு ஆட்டம் தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டாமா?

எங்கள் இலக்கிய மன்றத்தில் இவ்வாண்டு நடந்த பட்டிமன்றத்தின் தலைப்பு, ‘கபடியின் புதிய விதிகள் ஆட்டத்துக்கு ஆக்கமா, கேடா?’ என்பது. ஆடுகிற மாணவியர் ஒரு பக்கமும் பார்க்கிற மாணவியர் மறுபக்கமும் அமர்ந்தனர். இரு பக்கமும் உண்மை உண்டு என்று நடுவர் முடித்தார். பட்டிமன்ற நடுவர்களின் தீர்ப்பு எப்போதும் அப்படித்தானே! அன்று பேசி முடியாததை இங்கே எழுத முற்பட்டோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். விதி மாறவே கூடாது என்போர் கூட்டத்தில் நாம் இல்லை. சடுகுடு என்று நம் பாட்டிமார் சொன்ன ஆட்டம் மாறி மாறித்தான் இன்றைய கபடியாகி இருக்கிறது. அந்நாளில் எதிர்க்களத்துக்குள் செல்பவர் ஏதேனும் ஒரு பாட்டை மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு போவார். அதனால்தான் இன்றும் ஊர்ப்புறத்தில் ‘பாடிப் போகிறான்’ என்கிறோம். மராட்டியத்தில் ஹுதுது என்றும், வங்காளத்தில் ஹாடுடு என்றும், ஆந்திரத்தில் செடுகுடு என்றும் ஊருக்கொரு பெயர் இருந்தது. விதியும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1950ஆம் ஆண்டில் அகில இந்தியக் கூட்டமைப்பு தோன்றிய பின்னரே நாடெங்கும் ஒரே விதி என்ற நிலை உருவாகத் தொடங்கியது. பாட்டுப் போய், ‘கபடி’ என்ற ஒற்றைச் சொல் வந்தது. பாட்டை இழந்ததில் நமக்கு வருத்தமுண்டு. எனினும் திருமங்கலத்துப் பெண்ணும் பஞ்சாபுப் பெண்ணும் ஒரே களத்தில் ஆட முடிகிறதே, அது சிறிய பேறா?

வெளியேறியவர் எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதிலும் முன்பு மூன்று முறைகள் இருந்தன. ‘அமர்’ முறையில் தொடப்பட்டவர் வெளியேறுவதே இல்லை. எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும். ‘காமினி’ முறையில் வெளியேறியவர் தம் அணி முழுவதும் வெளியேறும்வரை திரும்ப முடியாது. ‘சஞ்சீவனி’ முறையில் தோழி ஒருத்தி புள்ளி எடுத்தால் வெளியே இருப்பவள் உயிர் பெற்று உள்ளே வருவாள். இம்மூன்றில் நிலைத்தது சஞ்சீவனியே. தண்டனை என்றால் அதிலிருந்து மீளவும் ஒரு வழி வேண்டும், அவ்வழியும் நம் தோழியின் உழைப்பால் திறக்க வேண்டும் என்று எண்ணிய பெரியவர்களை நாம் வணங்குகிறோம்.

இனிப் புதிய விதிகளுக்கு வருவோம். 2014ஆம் ஆண்டில் புரோ கபடி லீக் தொடங்கியபோது ஆட்டம் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி விரைவாக்கப்பட்டது. ஒரு முறை பாடிச் செல்ல 30 வினாடி என வரம்பு வந்தது. ஓர் அணி தொடர்ந்து இருமுறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீரவேண்டும். இல்லையேல் சென்றவர் வெளியேற வேண்டும். களத்தில் மூவரோ அவருக்குக் குறைவானவரோ இருந்து பாடி வருபவரைப் பிடித்துவிட்டால் கூடுதலாக ஒரு புள்ளி. இவை பின்னர் மற்றப் போட்டிகளுக்கும் பரவின.

மூன்றாம் முறை விதியைப் பட்டிமன்றத்தில் எங்களுள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். பொறுமையாக ஆடுவது குற்றமா, குற்றமற்றவருக்கு ஏன் தண்டனை என்று கேட்டனர். கேள்வி கூர்மையானதே. ஆயினும் இரண்டு புள்ளி முன்னணியில் இருக்கும் அணி, கடைசி ஐந்து நிமிடமும் கோட்டைத் தாண்டிவிட்டுத் திரும்பிக்கொண்டே இருந்தால் அதனை ஆட்டம் என்பதா? இத்தொல்லை கபடிக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவிலும் வட இங்கிலாந்திலும் பெயர்பெற்ற ரக்பி லீக் ஆட்டத்தில் ஓர் அணி பந்தை விடாமலே வைத்துக்கொண்டு காலங்கடத்த முடிந்தது. 1966ஆம் ஆண்டில், நான்கு முறை மடக்கப்பட்டால் பந்தை விட்டுவிட வேண்டும் என்று விதி செய்தார்கள். நான்கு போதாது, ஆட்டம் பதற்றமாகிறது என்று கண்டபின் 1970களின் தொடக்கத்தில் அதை ஆறாக்கினார்கள். செய்து பார்த்தார்கள், பிழை கண்டார்கள், திருத்தினார்கள். ஆகவே மூன்றாம் முறை விதியை நாம் ஏற்கிறோம்.

ஏற்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எத்தனையாவது முறை என்பதை எண்ணுவது யார்? தொலைக்காட்சியில் திரையே எண்ணிச் சொல்கிறது. 30 வினாடியும் கண்முன் குறைந்துகொண்டே வருகிறது. ஐயம் எழுந்தால் படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். நம் குறுவட்டப் போட்டிகளிலோ விசிலோடு ஓர் ஆசிரியர், நோட்டுப் புத்தகத்தோடு மற்றோர் ஆசிரியர், சுற்றிலும் கூச்சல். முன்னது வெறும் முறையா, போனஸ் கொடுத்ததா என்று அவ்விருவரே வேறுபட்டு நிற்பதைக் கண்டிருக்கிறோம். அவர்கள்மீது குறையில்லை; வெயிலில் நாள் முழுதும் நின்று நமக்காக உழைப்பவர்கள். தொலைக்காட்சி அரங்குக்காகச் செய்த விதியைச் சுண்ணாம்புக் கோட்டுக் களத்தில் அப்படியே இறக்கினால் இந்நிலைதான் ஏற்படும். எண்ணிக்கை தெரியாமல் ஒருத்தியை வெளியே அனுப்புவது தண்டனையாகுமேயன்றி நீதியாகாது.

எனவே, எண்ணிக்கையைக் காட்ட ஒரு கரும்பலகையாவது இருந்தால் மூன்றாம் முறை விதி இருக்கட்டும், இல்லையேல் வேண்டாம். கடிகாரம் எல்லோர் கண்ணுக்கும் தெரியாத களத்தில் 30 வினாடி விதியும் வேண்டாம். அங்கே மூச்சே கடிகாரம். அது நின்றால் இரு அணிக்கும் கேட்கும். கையில் கட்டிய கடிகாரம் நின்றால் அதைக் கட்டியவருக்குக்கூடத் தெரியாது.

விதி தெளிவில்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சீனத்தின் ஹாங்சோவில் 2023 அக்டோபர் 7ஆம் நாள் உலகமே பார்க்க நடந்ததைச் சொல்லலாம். ஆசிய விளையாட்டின் ஆடவர் இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும். முடிய ஏறத்தாழ ஒரு நிமிடமே இருக்க, 28க்கு 28 எனச் சமநிலை. பாடிச் சென்ற பவன் செராவத், எவரையும் தொடாமலே பக்கவாட்டிலுள்ள லாபி என்னும் பட்டைக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் தொடர்ந்து ஈரானியரும் லாபிக்குள் வந்துவிட்டனர். தொடுதல் நிகழும்வரை லாபி களத்தைச் சேராது. பழைய விதிப்படி உள்ளே வந்த எல்லோரும் வெளியேற வேண்டும். அப்படியானால் இந்தியாவுக்குப் பல புள்ளிகள். புதிய விதிப்படி பாடிச் சென்றவர் மட்டுமே வெளியேற வேண்டும். எந்த விதி? நடுவர்கள் ஒன்று சொன்னார்கள், மாற்றினார்கள், மீண்டும் மாற்றினார்கள். ஆட்டக்காரர்கள் விரிப்பிலேயே அமர்ந்துவிட்டனர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. முடிவில் தீர்ப்பு நமக்குச் சாதகமாயிற்று. 33க்கு 29 என்று இந்தியா பொன் வென்றது.

நாமும் கைதட்டினோம். ஆனால் தீர்ப்பு மறுபக்கம் சாய்ந்திருந்தால் நம் தெருவெல்லாம் ஈரானைத் திட்டியிருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டு விதிகளும் தம்மளவில் நல்லவையே. எது நடைமுறையில் இருக்கிறது என்று முன்கூட்டியே அனைவருக்கும் ஐயமறச் சொல்லப்படாமற் போனதுதான் கேடு. ஆசியாவின் தலைசிறந்த நடுவர்களுக்கே இக்கதி என்றால் நம் ஊர்ப் போட்டிகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ! அதே நாளில் நம் மகளிர் அணி சீனத் தைபேயை 26க்கு 25 என வென்று, அவ்விளையாட்டில் இந்தியாவின் நூறாவது பதக்கத்தைக் கொணர்ந்தது. ஒரே ஒரு புள்ளி! ஐந்தாண்டு முன்பு 2018இல், இந்தியரான சைலஜா ஜெயின் பயிற்றுவித்த ஈரான் பெண்களிடம் 24க்கு 27 என்று தோற்றதும் இவ்வணிதான்.

மாணவியர்க்கே உரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். பாடி வருபவளைக் கை கால்களையோ உடலையோ பற்றித்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. வேண்டுமென்றே சடையைப் பிடித்து இழுத்தால்? பிடிபட்டவள் ‘வெளியேறவில்லை’ என்று அறிவிப்பார்கள், அவ்வளவே. நடுவர் எண்ணினால் எச்சரிக்கலாம், பச்சை அட்டை காட்டலாம். மஞ்சள் அட்டை என்றால் இரண்டு நிமிடம் வெளியே, சிவப்பு என்றால் அந்த ஆட்டமே இல்லை. ஆனால் பெண்கள் போட்டிகளில் சடைக்காக அட்டை எடுத்த நடுவரை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். கழுத்து வலியோடு அவள் திரும்பி வருகிறாள். இழுத்தவளுக்கு எந்த இழப்பும் இல்லை. முதல் தடவையே அட்டை காட்டவேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. நகத்தை வெட்டு, வளையலைக் கழற்று என்று களத்துக்கு வெளியே நம்மிடம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் விதி, களத்துக்குள் சடைக்கும் இரங்கட்டும்.

கோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்களுக்குக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12, 8. பாடிச் செல்பவர் தாண்டியே ஆகவேண்டிய கோடு ஆண்களுக்கு நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், பெண்களுக்கு 3 மீட்டர். காலையில் ஆண்களுக்குப் போட்ட கோட்டிலேயே மாலையில் பெண்களை ஆடச் செய்யும் வழக்கம் சில இடங்களில் உண்டு. முக்கால் மீட்டர் தானே என்பார்கள். நான்கு பேர் வளைத்து நிற்கையில் அந்த முக்கால் மீட்டர் எவ்வளவு தூரம் என்பதை, சென்று வந்தவளைக் கேட்டால் சொல்வாள்.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு வழக்காடலா என்று பெற்றோர் சிலர் எண்ணலாம். எங்கள் அணிக்கு வரும் மாணவியரிற் பலர், வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள். செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடப் பழகியவர்கள், மாநிலப் போட்டியில்தான் முதன்முறையாகக் காலணி அணிந்து விரிப்பில் ஏறுகிறார்கள். குறுவட்டத்தில் வென்றால் வருவாய் மாவட்டம், அதில் வென்றால் மாநிலம். ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்றிதழ். அச்சான்றிதழ் கல்லூரி இடமாகலாம். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கென உள்ள 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு வழிகாட்டலாம். சென்னை கண்ணகி நகரிலிருந்து சென்ற கார்த்திகா, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் பொன் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணைத் தலைவி. ஈரானுக்கு எதிரான அவ்விறுதி ஆட்டத்தின் முடிவு 75க்கு 21. தமிழக அரசு அவருக்கு 25 இலட்சம் ரூபாய் வழங்கியது. அத்தகைய பாதையின் முதற்படியில், எந்த விதி என்று தெரியாமல் போகும் ஒரு புள்ளி அற்பமானதன்று.

மாற்றம் யாரைப் பின்தள்ளும் என்று பார்க்காமல் செய்தால் என்ன நேரும் என்பதற்கு ஹாக்கி சாட்சி. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்தது. அதில் பழக வாய்ப்பில்லாத நம் நாடு ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

பெரிய சீர்திருத்தம் எதனையும் நாம் கேட்கவில்லை. நாணயம் சுண்டுவதற்கு முன், இரு அணியையும் ஒருங்கே நிறுத்தி, கரும்பலகையில் ஐந்து வரி எழுதட்டும். மூன்றாம் முறை விதி உண்டா? 30 வினாடி உண்டா? லாபிக்குப் பழைய விதியா, புதியதா? கோடு பெண்களுக்கான அளவுதானா? சடைக்கு அட்டை உண்டா? எழுதியபின் இரு அணித் தலைவியரும் அதன்கீழ்க் கையொப்பமிடட்டும். இதற்கு ஐந்து நிமிடமும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். இவ்வாறு ஒரு வேண்டுகோளை எழுதி உடற்கல்வி ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறோம். பட்டிமன்றத்தில் எதிரணியில் நின்றவர்களும் அதில் ஒப்பமிட்டார்கள். 30 வினாடி விதியைக் கைவிட மட்டும் அவர்கள் இன்னும் இசையவில்லை. அடுத்த குறுவட்டப் போட்டிக்குள் ஒரு பெரிய கடிகாரம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.