படம் எடுத்தால் மட்டும் போதுமா?

மன்னாருக்கு வாறவை முதல்ல படம் எடுக்கிறது கழுதைகளைத்தான். ஒரு காலத்தில் பொதி சுமந்தவை, இன்று ஆளில்லாமல் தெருவில் நிற்கின்றன. காயத்தோடு ஒன்றைக் கண்டால் "ஆர் செய்தது?" என்று கேட்போம். பொலிசுக்குச் சொல்லுவமா என்று கேட்பது குறைவு.

சட்டம் இல்லாமலில்லை. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, வீட்டு மிருகத்தை வதைத்தால் 100 ரூபாய் வரை தண்டம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அன்றைக்கு 100 ரூபாய் பெரிய காசு. இண்டைக்கு ஒரு ரீக்கும் ரோல்ஸுக்கும் காணாது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டமூலத்தை வரைந்தது. அமைச்சரவை ஒப்புதல் கிடைக்கவே 2016 ஆச்சு.

தண்டத்தைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. காசின் பெறுமதிதான் தேய்ந்தது. மூன்று மாதச் சிறை அன்றும் இன்றும் மூன்று மாதம்தான்.

சிக்கல் முறைப்பாட்டில் இருக்கிறது. வீட்டு நாய்க்கு வேறு ஆள் அடித்தால் சொந்தக்காரர் பொலிசுக்குப் போவார். அடிக்கிறதே சொந்தக்காரர் என்றால்? கழுதையைப்போல சொந்தக்காரரே இல்லை என்றால்? அங்கே அயலவர்தான் வாய் திறக்க வேணும். நாங்களோ "அயலுக்குள்ள பகை எதுக்கு" என்று கதவைச் சாத்துகிறோம்.

படத்தை முகநூலில் போட்டால் நூறு பேர் அழுவார்கள். திகதி, நேரம், இடம் குறித்து, கால்நடை வைத்தியரிடமும் காட்டி, அதே படத்தைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அது சான்று. நாங்கள் அதைச் செய்யத் தொடங்குவோம்.