எல்லாச் சாவியும் ஒருவர் கையிலா?

நகைக்கடன் வழங்கும் நம் சங்கங்களில் இரும்புப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. அவை இருவரிடம் இருத்தல் வேண்டும். எவரையும் ஐயுற்று ஏற்பட்ட ஏற்பாடு அன்று இது. ஒருவர் கை தவறும்போது மற்றவர் கண் தடுக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. வீண்பழி வருங்கால் குற்றமற்றவரைக் காப்பதும் இதுவே.

இன்று நம் பேரேடு கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பொது மென்பொருளின்கீழ்க் கொணரும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-இல் ஒப்புதல் அளித்தது. ஆகவே, பெட்டகத்துக்கு உள்ள கட்டுப்பாடு கணினிக்கும் உண்டா என்று கேட்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.

இத்தகைய மென்பொருளில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. அப்பெயரோடு அதிகார வரம்பும் பிணைக்கப்பட்டிருக்கும். எழுத்தர் கடன் மனுவைப் பதிவு செய்வார். ஒப்புதல் அளிப்பவர் வேறொருவராக இருத்தல் வேண்டும். ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்குச் செல்வோர்க்கு இது புதிதன்று. நுழைவுச் சீட்டில் குறித்த நாள் கழிந்தால், நேற்றுவரை உள்ளே சென்றவரும் இன்று வாயிலில் நிற்க வேண்டியதுதான்.

எண்ணூருக்கு வடக்கே ஒரு சங்கத்தில் நான் ஆய்வுக்குச் சென்றிருந்தேன். காரியதரிசி விடுப்பில் இருந்த நாட்களிலும் அவர் பெயரிலேயே பட்டுவாடா ஒப்புதல்கள் பதிவாகியிருக்கக் கண்டேன். விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. உரம் வாங்கும் பருவத்தில் பயிர்க்கடன் மனுவோடு வந்த ஓர் அம்மையாரின் கணக்கைப் பதிய முயன்ற எழுத்தருக்கு, ‘அனுமதி இல்லை’ என்று திரை மறுத்திருக்கிறது. அம்மையாரைத் திருப்பி அனுப்ப மனமில்லாத காரியதரிசி, தம் கடவுச்சொல்லையே எழுத்தரிடம் கூறிவிட்டார். அன்று இரக்கத்தால் நேர்ந்தது, பின்னர் வழக்கமாயிற்று. பதிவு செய்தவரும் ஒப்புதல் அளித்தவரும் ஒருவரே ஆயினர்.

மறுப்புக்குக் காரணம் மிகச் சிறியது. அவ்வெழுத்தர் வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் அதிகாரத்தில் பழைய கிளையின் எண்ணே நின்றுவிட்டது. அந்த ஓர் எண்ணைத் திருத்தியதும் தடை நீங்கியது. நல்லூழாகப் பணம் ஏதும் குறையவில்லை. குறைந்திருந்தால், 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி தண்டத்தீர்வை விசாரணை எழும்போது, கணினியில் யார் பெயர் நிற்கிறதோ அவரன்றோ முதலில் விடை கூற வேண்டும்?

பாவில் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் அவ்விழையைத் தேடி முடிச்சிடுகிறாரேயன்றிப் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. இங்கும் முறை அதுவே. மறுப்பு வந்தவுடன், எந்தச் சோதனையில் மறுக்கப்பட்டது என்பதை முதலில் காண வேண்டும். பெருந்தொழிற்சாலைகள் கையாளும் எஸ்.ஏ.பி. மென்பொருளில் இதற்கென்றே எஸ்.யு. 53 என்னும் திரை உண்டு. பின்னர் நான்கு வினாக்கள்: அந்த அதிகாரம் இவருக்கு அளிக்கப்பட்டுள்ளதா? கிளையும் தொகை வரம்பும் பொருந்துகின்றனவா? காலவரம்பு முடிந்துவிட்டதா? திருத்தம் செய்தபின் ஊழியர் வெளியேறி மீண்டும் உள்நுழைந்தாரா? பெரும்பாலான தடைகள் இந்நான்கிற்குள் அடங்கும்.

இதற்குப் பொறுமையின்றி, எல்லா அதிகாரங்களையும் ஒருங்கே அளித்துவிடும் வழக்கமும் உண்டு. தடை அக்கணமே நீங்கும். காவலும் அதனோடு நீங்கும். 2018-இல் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை ஒன்றில் வெளிப்பட்ட மோசடி 11,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. வெளிநாட்டு வங்கிகளுக்கு உத்தரவாதச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு, அவ்வங்கியின் கணக்கு மென்பொருளோடு இணைக்கப்படாதிருந்தது. ஆகவே கணக்கில் ஏறாமலே உத்தரவாதங்கள் சென்றன. அத்துணைப் பெரிய வங்கிக்கே இக்கதி நேர்ந்ததெனில், நம் சிறு சங்கங்கள் எம்மாத்திரம்?

“அவசரத்தில் அங்கத்தினரைக் காக்கவைப்பதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. விதைப்பும் பாவோட்டமும் கணினிக்காகக் காத்திரா. ஆனால் அதற்குரிய வழி, நாள் குறித்த தற்காலிக அதிகாரத்தை, அதற்குரியவர் தம் பெயராலேயே அளித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைப்பதாகும். கடவுச்சொல்லை இரவல் கொடுப்பதன்று.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், யாருக்கு எந்த அதிகாரம் உள்ளது என்னும் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். மாற்றலாகிச் சென்றவரும் ஓய்வு பெற்றவரும் அதில் இன்னும் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெட்டகத்தின் சாவி யாரிடம் என்று கேட்க நாம் கூசியதில்லை. இதைக் கேட்கவும் கூச வேண்டியதில்லை.