தொகை சொல்லாத எச்சரிக்கை

நல்ல இடைமுகம் பயனருக்கு மூன்றைச் சொல்லிவிட வேண்டும்: இப்போது என்ன நடக்கிறது, அடுத்து அழுத்தினால் என்ன ஆகும், தவறினால் எப்படி மீள்வது. ஜேக்கப் நீல்சன் 1994-இல் வகுத்த பத்துப் பயன்பாட்டு விதிகளில் பலவும் இவற்றுள் அடங்கும்.

முதலாவது, நிலை. 0.1 நொடிக்குள் திரை பதில் தந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் சிதறும். பணம் அனுப்பும் திரை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தால், போனதா இல்லையா என்று புரியாமல் பலர் மறுபடி அழுத்திவிடுவார்கள்.

இரண்டாவது, விளைவு. பெரிய நிறுவனங்களே சறுக்குவது இங்குதான். 2020 ஆகஸ்டில் ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சிட்டி வங்கி சுமார் 78 லட்சம் டாலர் வட்டி செலுத்த வேண்டியிருந்தது. போனதோ ஏறக்குறைய 90 கோடி டாலர். அசலை வங்கியின் உள்கணக்கிலேயே நிறுத்த, ஃபிளெக்ஸ்கியூப் மென்பொருளில் ‘பிரின்சிபல்’, ‘ஃபிரன்ட்’, ‘ஃபண்ட்’ என்ற மூன்று பெட்டிகளையும் நிரப்ப வேண்டும். முதல் பெட்டி மட்டுமே நிரம்பியது. மூன்று பேர் பார்த்தும் சிக்கவில்லை. பணம் வங்கிக்கு வெளியே போகும் என்று திரை எச்சரித்தது. எவ்வளவு என்று சொல்லவில்லை. வட்டி எப்படியும் வெளியே போக வேண்டியதுதான் என்பதால், அந்த எச்சரிக்கையில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. திரும்பி வராத சுமார் 50 கோடி டாலருக்கான வழக்கில் 2021-இல் வங்கி தோற்றது. 2022-இல் மேல்முறையீட்டில்தான் வென்றது.

மூன்றாவது, மீட்சி. எதற்கெடுத்தாலும் ‘உறுதியா?’ என்று கேட்டால் படிக்காமலேயே ‘ஆம்’ அழுத்தக் கை பழகிவிடும். ஜிமெயில் அப்படிக் கேட்பதில்லை. அனுப்பிய மடலை 30 நொடி வரை நிறுத்திவைத்துத் திரும்பப் பெற வழிவிடுகிறது.

இம்மூன்றும் பயன்பட, திரை முதலில் கண்ணுக்கும் கைக்கும் எட்ட வேண்டும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன வலை அணுகல் நெறிகள். தொடும் பொத்தானுக்கு 44 புள்ளி அகலமும் உயரமும் கேட்கிறது ஆப்பிள்.

வேண்டுமென்றே ஏமாற்றும் வடிவமைப்புகளில் 13 வகைகளை இந்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்தது. கவனக்குறைவாகக் குழப்பும் திரையை அந்த விதிகள் பிடிக்காது. அதைப் பிடிக்க, உருவாக்கியவரல்லாத ஒருவரிடம் கொடுத்து வேலையை முடிக்கச் சொல்லி, குறுக்கிடாமல் பார்க்க வேண்டும். ஐந்து பேர் போதும், பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பது நீல்சனின் கணக்கு.