பழைய எஸ்.யூ.வி. வாங்குவதற்கு முன்

ஓய்வு பெற்ற பிறகு நம்மில் பலருக்கு உயரமான வண்டி மேல் ஒரு ஆசை வருகிறது. பகட்டுக்காக இல்லை, முழங்காலுக்காக. தாழ்வான காரில் குனிந்து உட்கார்ந்து, கையை ஊன்றி எழுந்திருப்பது இந்த வயதில் தண்டனை. டஸ்டர், கிரெட்டா மாதிரி வண்டி என்றால் நேராக உட்காரலாம், நேராக இறங்கலாம். புது வண்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறோம். அதில் தப்பே இல்லை. ஆனால் போடுகிற பணம் பி.எஃப்., கிராஜுவிட்டியில் வந்தது. இன்னொரு தடவை வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி பார்க்கப் போனால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்னைக் கேட்டால், அது முதல் கேள்வியே இல்லை. டிஜிட்டல் மீட்டரையும் திருப்பி வைக்க ஆள் இருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டியானால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்ற பதிவு அங்கே இருக்கும். அதை வாங்கிப் பார்த்தால் மீட்டரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

மீட்டர் உண்மையே சொன்னாலும், குறைவாக ஓடிய வண்டி நல்ல வண்டி என்று அர்த்தமில்லை. ஷெட்டிலேயே நின்ற வண்டியில் ரப்பர் புஷ்கள் காய்ந்து வெடிக்கும், ஆயில் சீல்கள் கசியும், டயர் கெட்டிப்படும். டயரின் பக்கவாட்டில் 4 இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும், ஆறேழு வருடம் தாண்டிய டயரை மாற்றுகிற செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். டஸ்டர் டீசலில் டைமிங் பெல்ட் உண்டு. அது கிலோமீட்டர் கணக்கில் மட்டுமல்ல, வருடக் கணக்கிலும் மாற்ற வேண்டிய பொருள். அறுந்தால் என்ஜினையே பதம் பார்த்துவிடும். மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் சைலன்சர் பாதையில் பெரும்பாலும் டி.பி.எஃப். என்கிற வடிகட்டி இருக்கும். புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்து, வண்டி நெடுஞ்சாலையில் நல்ல சூட்டில் ஓடும்போது எரித்துவிடும். கோயில், மார்க்கெட், பேங்க் என்று மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றினால் அந்தச் சூடு வராது. கரி அடைத்துக்கொள்ளும். "பெரியவர் ஓட்டின வண்டி, ஊருக்குள்ளேயே ஓடினது" என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னால் நான் யோசிப்பேன். நாமும் அப்படித்தான் ஓட்டப் போகிறோம் என்றால் டீசலே வேண்டாம், பெட்ரோல் போதும் என்பது என் கட்சி.

அப்புறம் என்ஜின். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே போய்விடுங்கள். போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். அது ஏன் என்று கேட்க வேண்டும். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்மை வெளியே வரும். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது; ரிங்கோ டர்போவோ போயிருக்கலாம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். கறுப்பாகக் கக்கினால் இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். குப் குப்பென்று வேகமாகப் புகை தள்ளினால் என்ஜின் தேய்ந்துவிட்டது. மூடியின் உள்பக்கம் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டுப் பெட்டியை நிறுத்திவிடுங்கள். மேட்டில் நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா? கிளட்ச் முடிந்தது. எஸ்.யூ.வி. கனமான வண்டி. புஷ், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் சீக்கிரம் அடிபடும். ஸ்பீடு பிரேக்கரில் கடகட சத்தம் வந்தால் அங்கே செலவு காத்திருக்கிறது. அரை மணி நேரமாவது ஏ.சி. போட்டு நெரிசலில் ஓட்டி, டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

ஸ்கார்ப்பியோ, பொலேரோ போன்றவை தனி சேஸிஸ் மேல் பாடி ஏற்றிய வண்டிகள். விபத்தில் சேஸிஸ் வளைந்து வெல்டிங் செய்திருந்தால் எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் வண்டி நேராக ஓடாது. அதனால் லிஃப்டில் ஏற்றி அடியில் பார்த்தே ஆக வேண்டும். கடற்கரை ஊர் வண்டியானால் துருவும் தெரியும். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைவில் வையுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் மண் கறை இருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டில் புழுங்கல் வாடை, இவையும் சாட்சிகள். அப்படிப்பட்ட வண்டியை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதன் ஒயரிங் கோளாறு ஒன்று தீர்ந்தால் ஒன்று வரும்.

பேப்பரையும் விடாதீர்கள். சேஸிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, பேங்க் கடன் நீக்கப்பட்டிருக்கிறதா, 15 வருடக் கெடு எப்போது முடிகிறது என்று பாருங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் நம்மால் முடியுமா என்று கேட்கலாம். எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டாம். புரோக்கர் அழைத்து வருகிற மெக்கானிக் வேண்டாம். நமக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போகலாம். லட்சக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கிற நாம், அந்தக் கூலியில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதுதான் எனக்குப் புரியாத கணக்கு. "லிஃப்டில் எல்லாம் ஏற்ற முடியாது சார், இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோடு வருகிறார்" என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டிக்கே கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வாருங்கள். ஊரில் வண்டிக்கா பஞ்சம்?