மண்ணில்லாத வாக்கு

குடியியற் கல்விப் பாடத்தில் உள்ளூராட்சி பற்றிய ஒரு பகுதி உண்டு. வீதி, வடிகால், குடிநீர், சந்தை, மயானம், நூலகம் ஆகியவற்றைப் பேணுதல் பிரதேச சபையின் கடமை என்று அது கற்பிக்கிறது. மடுல்சீமை மலையில் அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் எவரும் அவ்விடத்தில் ஒரு கணம் தயங்காமல் மேலே செல்ல முடியாது. எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைகளிற் பலர் அன்று காலை நடந்து வந்த வீதி சபையின் வீதியன்று; தோட்டத்தின் வீதி. அவர்கள் உறங்கி எழுந்த காம்பரா அவர்களுடையதன்று, தோட்டத்தினுடையது. எனவே, “அப்ப எங்க லயத்து ரோட்ட யாரு சேர் போடணும்? சபையா, தொரையா?” என்று ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், பாடநூலில் அதற்கு விடை இல்லை.

அந்தப் பிள்ளையின் கேள்வியே நமது கேள்வி. 2025 மே 6 ஆந் திகதி நாடெங்கும் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெற்றது. பதுளை மாவட்டத்தின் பிரதேச சபைகளுக்கும் அன்றே வாக்களிப்பு. மலையக மக்களும் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். கொழுந்துக் கறையோடு தேர்தல் மையும் விரலில் ஏறியது. இதைக் கண்டு, “மலையகத்தான் இன்று சமமான பிரசை, இனி அவனுக்கு என்ன குறை?” என்று மேடைகளிற் பேசுவோர் பலர். இப்பேச்சு அரை உண்மை. அரை உண்மை முழுப் பொய்யினும் கொடியது. ஏனெனில், பொய்யை மறுத்துவிடலாம். அரை உண்மையோ நம்மை உறங்க வைக்கிறது.

நமது கட்சி இதுவே: வாக்குரிமை என்பது கோரிக்கையின் முற்பாதி மட்டுமே. தான் தேர்ந்தெடுத்த சபை தான் வாழும் மண்ணின்மீது அதிகாரமும் நிதியும் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் பிற்பாதி. அந்தப் பிற்பாதி இன்றுவரை மலையகத்துக்குக் கிடைக்கவில்லை.

முற்பாதிதான் எளிதிற் கிடைத்ததா? 1931 இல் இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோது, தோட்டத் தொழிலாளர்க்கு மட்டும் நிரந்தர வதிவிடம் என்ற முட்கம்பி வேலி போடப்பட்டது. 1930களின் பிற்பகுதியிற் கிராம சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டத்தில் வதியும் தொழிலாளர் கிராம சபை வாக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். உள்ளூர்ச் சபைக்கும் தோட்டத்துக்கும் இடையிலான மதில் அன்றே எழுப்பப்பட்டது என்பதை நினைவிற் கொள்க. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. கவிஞரும் எழுத்தாளருமான ஸி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்கு வலுவூட்டியது. ஆளும் வர்க்கம் அஞ்சியது. 1948 இன் குடியுரிமைச் சட்டமும், 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் அந்த அச்சத்தின் குழந்தைகள். ஒரே வீச்சில் ஒரு மக்கட் கூட்டம் நாடற்றதாகவும் வாக்கற்றதாகவும் ஆக்கப்பட்டது.

1964 ஒக்டோபர் 30 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதர்கள் கணக்கிடப்பட்டனர். ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலைப் பெட்டிகளைக்கூட இத்தனை எளிதாகப் பங்கிட மாட்டார்கள். இங்கே நம்மவரின் குற்றத்தையும் நாம் மறைத்தலாகாது. 1948 இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஜூனில் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வரசாங்கமே அந்த ஒக்டோபரில் இவ்வொப்பந்தத்தைச் செய்தது. அமைச்சுப் பதவியின் அருகே அமர்ந்தவுடன் லயத்தின் குரல் கேளாமற் போவது இடதுசாரிகளுக்கும் நேரக்கூடிய நோய். நாடற்றோர் பிரச்சினை சட்டத்தில் ஒருவாறு முடிவுற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி, பிற்பாதிக்கு வருவோம். 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், “மக்களின் காலடிக்கு அதிகாரம்” என்ற முழக்கத்தோடு வந்தது. அதன் 33 ஆவது பிரிவோ, தோட்டக் குடியிருப்புகளிற் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக மூன்று தசாப்தங்கள் நின்றது. தொழிலாளி வாக்களித்தான், சில இடங்களில் அவன் பிள்ளை உறுப்பினனாகவும் ஆனான். ஆனால், அவ்வுறுப்பினன் தன் தாய் வழுக்கி விழும் லயத்துப் படிக்கட்டுக்கு ஒரு மூடை சீமெந்து கேட்டால், “அது தோட்டத்துக் காணி, சட்டத்தில் இடமில்லை” என்ற பதிலே கிடைத்தது. ஆட்சி செய்யவென்று அனுப்பப்பட்டவன் மனு எழுதுபவனாகத் திரும்பி வந்தான். நீண்ட கிளர்ச்சிக்குப் பின் 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அது வெற்றியே, அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும், கதவைத் திறந்தவர்கள் நிலத்தை யார் கையில் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. நிலம் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆக, மண் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, உழைப்பு தொழிலாளியினுடையது. இம்மூன்றுக்கும் நடுவே பிரதேச சபை எங்கே நிற்கிறது? ஒரு குழாய் பதிக்கவும், ஒரு கொங்கிறீட் பாதை போடவும் பிறர் ஆளும் நிலத்திற் கால்வைக்க வேண்டிய விருந்தாளியாக நிற்கிறது. சட்டத்தின் தடை நீங்கியது. நிலத்தின் தடை நீங்கவில்லை.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று எண்ணுவோர் மீரியபெத்தையை நினைக்கட்டும். பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே, 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடியிருப்பை அசைக்கும் அதிகாரம் மக்களின் சபை எதனிடமும் இருக்கவில்லை. தனக்கென ஒரு துண்டு நிலம் இல்லாதவன் எங்கே பெயர்வான்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்தன. மீண்டும் மனிதர்கள் மண்ணுக்குள் போனார்கள். வாழும்போது உரிமையாகாத மண், சாகும்போது மட்டும் மேலே விழுகிறது.

சபைக்கு அதிகாரம் குறைவு என்பது ஒருபுறமிருக்க, அந்தச் சபையையே மக்களிடமிருந்து பறித்துக்கொள்வது ஆட்சியாளருக்குப் பழக்கமாகிவிட்டது. 2023 மார்ச் 9 இல் நடைபெற வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற சாட்டோடு தள்ளிப்போனது. இது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஊவா மாகாண சபையின் கதை இதனினும் அவலமானது. 2014 செப்டெம்பர் 20 ஆந் திகதி அதற்குத் தேர்தல் நடந்தது. 34 உறுப்பினர் தெரிவாயினர். 2019 இல் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டு பல சென்றும் தேர்தல் இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்காத ஆளுநரின் கையில் மாகாணம் இருந்து வந்தது. 2014 இல் நமது வகுப்பறையில் தரையிலிருந்து எழுத்துக் கூட்டிய குழந்தை வளர்ந்து, வாக்களிக்கும் வயதை அடைந்தும், மாகாண சபை வாக்குச்சீட்டைக் கண்ணாற் கண்டதில்லை.

இக்கேள்வியை எழுப்பியவர்கள் நாம் மட்டுமல்லர். இந்தியாவின் வடகிழக்கில், திரிபுராவின் மலைகளில் வாழும் பழங்குடி மக்களும் இதனை எழுப்பினார்கள். ஓரளவுக்கு விடையும் கண்டார்கள். ஆசிரியர்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று அங்கே உண்டு. அவ்வியக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து பிறந்தது. 1945 இல் தசரத் தேவ் முதலிய இளைஞர்கள் ஜனசிக்ஷா சமிதியைத் தொடங்கி, மன்னராட்சி கைவிட்ட மலைக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான பள்ளிகளை நிறுவினார்கள். அப்பள்ளிகளிலிருந்து 1948 இல் கணமுக்தி பரிஷத் எழுந்தது. மூன்று தசாப்தப் போராட்டத்தின் பின், 1979 இல் இடதுசாரி அரசு சுயாட்சி மாவட்ட சபைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டிற் பழங்குடியினரின் கொக்பரோக் மொழி அரச மொழியாக ஏற்கப்பட்டது. 1982 இல் முதற்தேர்தல். 1985 முதல் இந்திய அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணை அச்சபைக்கு அரணாயிற்று. மாநிலத்தின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் அதன் எல்லைக்குள் அடங்கும்.

இங்கும் நாம் புகழ்பாடி நிறுத்திவிடக் கூடாது. அச்சபை நிதிக்காக மாநில அரசின் கையையே பார்த்திருக்க நேர்ந்தது. 2021 ஏப்பிரலில் நடந்த தேர்தலில் மக்கள் தெரிவுசெய்யும் 28 இடங்களுள் 18 ஐத் திப்ரா மோத்தா என்னும் புதிய கட்சி கைப்பற்றியது. சபையைப் பெற்றுத் தந்த இடதுசாரிகளுக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. சபை பெயரளவில் இருந்து, பணமும் பலமும் இல்லையெனின், மக்கள் அதனைப் பெற்றுத் தந்தவரையும் மன்னிக்க மாட்டார்கள் என்பதே திரிபுரா தரும் பாடம்.

மலையக மக்கள் பழங்குடியினர் அல்லர். இரு நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள். ஆனால், பழங்குடி மக்களும் நம் மாவட்டத்திலேயே உள்ளனர். மகியங்கனைப் பிரிவின் தம்பானையில் வாழும் வேடர் சமூகத்தின் வேட்டைக் காடுகள், 1983 இல் மதுறு ஓயாத் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டன. விழாக்களில் அவர்கள் தலைவரை முன்வரிசையில் அமர்த்திப் படம் பிடிக்கிறார்கள். அவர்கள் காட்டைப் பற்றி முடிவெடுக்க அவர்களுக்கென ஒரு சபை மட்டும் இல்லை.

“தனி அதிகாரம் கேட்பது நாட்டைப் பிரிப்பதாகும், சிங்களக் கிராமத்தவனுக்கு எதிரானதாகும்” என்று கூறுவோர்க்கு நாம் ஊவாவின் வரலாற்றையே விடையாகத் தருகிறோம். 1818 கிளர்ச்சியை நசுக்கிய ஆங்கிலேயர் ஊவா வெல்லஸ்ஸையின் வயல்களையும் வீடுகளையும் எரித்தார்கள். 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டம் அக்கிராமத்தவனின் சேனை நிலத்துக்கும் காட்டுக்கும் உறுதி கேட்டது. உறுதியில்லாத நிலம் முடிக்குரியதாயிற்று. அவ்வாறு அவனிடமிருந்து பறித்த மலையில், தமிழகத்திலிருந்து இவனைக் கொண்டுவந்து நட்டார்கள். ஒருவன் மண்ணை இழந்தான்; மற்றவன் மண்ணைப் பெறவேயில்லை. இருவருக்கும் எதிரி ஒருவனே. பசறையிலும் லுணுகலையிலும் அவர்கள் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே சந்தையில் ஒரே விலைக்கு அரிசி வாங்குகிறார்கள். லயத்துக்குச் சபையின் வீதி வந்தால் கிராமத்தின் வீதி தேய்ந்துவிடாது.

“தொழிற்சங்கம் இருக்கும்போது சபைக்கு ஏன் இத்தனை ஆரவாரம்?” என்பாரும் உளர். சம்பளத்துக்காகப் போராடச் சங்கம் வேண்டும். அதனை யாரும் மறுக்கவில்லை. ஆனால், சந்தாவைப் பெற்றுக்கொண்டு, தேர்தல் வந்ததும் சந்தாப் பட்டியலை வாக்காளர் பட்டியலாக மாற்றி, கொழும்பில் அமைச்சுப் பதவிக்குப் பேரம்பேசும் தலைமையால் லயத்துக்கு ஒரு வடிகாலும் வந்ததில்லை. துரைக்குக் கைகட்டிய காலம் போய்த் தலைவருக்குக் கைகட்டும் காலம் வந்ததென்றால், அது விடுதலையன்று, எசமான் மாற்றம். சபைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் பெண்களுக்கு என்று சட்டம் சொல்கிறது. மலையின் பொருளாதாரத்தைக் கூடையிற் சுமப்பவள் பெண். அவளது பெயர் பட்டியலை நிரப்புவதற்கா, வரவு செலவுத் திட்டத்தை எழுதுவதற்கா என்பதை இவ்வமைப்புகள் கூறட்டும்.

நாம் கேட்பவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல. லயங்கள் கிராமங்களாக அறிவிக்கப்படட்டும். குடியிருப்பு நிலம் குடும்பத்துக்கு உறுதியோடு வழங்கப்படட்டும். தோட்ட வீதியும் நீரூற்றும் மயானமும் குத்தகையிலிருந்து பிரிக்கப்பட்டுச் சபையிடம் ஒப்படைக்கப்படட்டும். பயிர்நிலத்துக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரம் சபைக்குச் சட்டத்தில் உண்டு. அவ்வரி நியாயமான அளவுக்கு உயர்த்தப்பட்டு, எந்த மலையிலிருந்து வந்ததோ அந்த மலைக்கே செலவிடப்படட்டும். நுவரெலியா மாவட்டத்திற் பெரிய இரு சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, 2018 இல் அவற்றுக்குத் தேர்தலும் நடந்ததல்லவா? பதுளையின் தோட்டப் பிரிவுகளுக்கும் அவ்வளவுகோல் பொருந்தாதா? தேர்தலைத் தள்ளிப்போடும் அதிகாரம் எந்த அமைச்சருக்கும் இல்லாதபடி சட்டம் ஆக்கப்படட்டும்.

மடுல்சீமையின் “சிறிய உலக முடிவை”க் காண விடுமுறை நாட்களில் இளைஞர்கள் கூடாரத்தோடு வருகிறார்கள். மலைவிளிம்பில் நின்று கீழே விரியும் மூடுபனியைப் படம் பிடித்துத் திரும்புகிறார்கள். அவர்களில் மாணவரும் ஆசிரியரும் இருப்பர். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. திரும்பும் வழியில் ஒருமுறை தோட்டப் பாதையில் இறங்கி நடந்து பாருங்கள். அப்பாதை எவர் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். பிரதேச சபைக் கூட்டங்களுக்குச் சென்று, பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து, வரவு செலவுத் திட்டத்தைக் கேட்டு வாங்கி, அதில் தோட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையை உரத்த குரலில் வாசியுங்கள். திரிபுராவின் ஆசிரியர்கள் கரும்பலகையிலிருந்து தொடங்கினார்கள். நம்மிடமும் கரும்பலகை இருக்கிறது.

“லயத்து ரோட்ட யாரு போடணும்?” என்று கேட்ட பிள்ளைக்கு, “உன் சபை போடும், ஏனெனில் அந்த மண் உன்னுடையது” என்று நாம் கூசாமல் விடைசொல்லும் நாளில்தான் மலையகத்தான் வாக்குரிமை பெற்றவனாவான். அதுவரை அவன் விரலில் ஏறும் மை, கொழுந்துக் கறையைப் போலவே, பிறருக்காக ஏறிய கறைதான்.