மலாக்காவில் வினைச்சொற்களின் ஐந்நூறு ஆண்டுகள்

இத்தாலி மொழி படிக்கத் தொடங்குபவர் கையில் முதல் வாரமே ஒரு பட்டியல் வந்துவிடும். 'பார்லாரே' என்றால் பேசுதல். பார்லோ, பார்லி, பார்லா, பார்லியாமோ, பார்லாத்தே, பார்லானோ. நான் பேசுகிறேன் என்பதில் தொடங்கி அவர்கள் பேசுகிறார்கள் என்பதுவரை ஆறு வடிவங்கள். ஆரே, ஏரே, ஈரே என்று முடியும் மூன்று குடும்பங்களாக வினைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிகழ்காலம், இறந்தகாலங்கள், எதிர்காலம், ஐயமும் விருப்பமும் சொல்லும் வடிவங்கள், ஏவல் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒழுங்கான வினை ஒன்றை முழுதாகப் படித்துவிட்டால் அதே குடும்பத்தின் ஆயிரம் வினைகள் வசப்படும். இலத்தீன் காலத்திலிருந்து ஐரோப்பியப் பிள்ளைகள் இப்படித்தான் மொழி படித்தார்கள்.

இந்தப் பட்டியல் மலாக்காவில் என்ன ஆனது என்று பார்க்க, இந்த ஊரின் புக்கிட் பெருவாங் பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் போனால் போதும். கடலோரம் உஜோங் பாசிரில் போர்த்துகீசியர் குடியிருப்பு இருக்கிறது. 1511இல் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்தபோது வந்திறங்கிய போர்த்துகீசிய மொழி, இத்தாலியின் உடன்பிறந்த மொழி. அதிலும் ஆளுக்கு ஒரு விகுதி, காலத்துக்கு ஒரு விகுதி உண்டு. அந்த மொழியின் வழிவந்த கிறிஸ்தாங்கில் இன்று விகுதிகளே இல்லை. 'கந்தா' என்றால் பாடு. நான் பாடினாலும் நீ பாடினாலும் அவர்கள் பாடினாலும் கந்தாதான். காலத்தைச் சொல்ல முன்னால் ஒரு சிறு சொல் வரும். 'யோ ஜா கந்தா' என்றால் நான் பாடினேன். 'யோ தா கந்தா' என்றால் பாடிக்கொண்டிருக்கிறேன். 'யோ லோகு கந்தா' என்றால் பாடுவேன்.

படைவீரர்கள் இங்கேயே மணம் செய்துகொண்டார்கள். பல நாட்டுப் பெண்களும் அடிமைகளும் வணிகர்களும் போர்த்துகீசியத்தைக் காதால் கேட்டே பேசப் பழகினார்கள். வளர்ந்தவர்கள் அப்படி அவசரத்தில் கற்கும் மொழியில் விகுதிகள் நிற்பதில்லை. 1641இல் டச்சுக்காரர் வந்ததும் போர்த்துகீசிய ஆட்சியும் அலுவலகமும் போயின. வீடும் தேவாலயமுமே அந்த மொழிக்கு மிஞ்சின. விகுதி இல்லாததை ஊனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். மலாயும் சுடா, செடாங், ஆக்கான் என்ற சொற்களை முன்னே வைத்தே காலம் காட்டுகிறது. அதே மலாயில் மெ, டி, தெர், கான் என்ற ஒட்டுகள் செய்யும் நுணுக்கமான வேலையைக் கற்றவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு மொழியும் தன் பாரத்தைத் தனக்கேற்ற இடத்தில் சுமக்கிறது. தமிழ் அதை வினைமுற்றில் சுமக்கிறது. 'வந்தாள்' என்ற ஒரே சொல்லில் செயல், காலம், ஆள், பால், எண் அனைத்தும் இருக்கின்றன.

அந்த வினைமுற்றை இழந்த தமிழரும் மலாக்காவில் உண்டு. காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகளின் கிராமம் இருக்கிறது. சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1781இல் எழுந்த பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் இவர்களுடையது. தெய்வங்கள் நம் தெய்வங்கள். தைப் பிறப்பையொட்டி முன்னோருக்குப் படைப்பதைப் பார்ச்சு பொங்கல் என்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய். பொங்கல் என்ற பெயர் இருக்கிறது, பொங்கியது என்று சொல்ல ஆளில்லை. ஒரு வீட்டைவிட்டு மொழி போகும்போது பண்டிகையின் பெயரும் பலகாரத்தின் பெயரும் கடைசிவரை நின்று பார்க்கும். வினை எப்போதோ போய்விட்டிருக்கும்.

தமிழ் வினையை ஐரோப்பியர் பட்டியலாக எழுதிய கதையும் மலாக்காவுக்குத் தூரமானதல்ல. 1540களின் தொடக்கத்தில் முத்துக்குளித்துறையில் செபங்களைத் தமிழில் ஒப்பிக்கப் பழகிய பிரான்சிஸ் சேவியர் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். அவர் விட்டுவந்த கடற்கரையில் பணியை ஏற்றவர் என்றிக்கே என்றிக்கஸ் என்ற போர்த்துகீசியர். தமிழ் வினைகளின் இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் மற்ற வடிவங்களையும் இலத்தீன் பாடம் போல ஒழுங்குபடுத்தப் பெரும்பாடுபட்டதாக 1548இல் அவர் இயேசு சபைத் தலைவர் லொயோலாவுக்கு எழுதினார். அந்த உழைப்பில் பிறந்த இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பன் நூலகத்தில் இருக்கிறது. ஹைனும் வி. எஸ். ராஜமும் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் பதிப்பித்தார்கள். மீனவர் வாயிலிருந்து எழுதி எடுத்த இலக்கணம் அது. பதினாறாம் நூற்றாண்டில் நம் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அதைவிட நெருக்கமான சாட்சி அரிது.

பின்னாளில் வந்த இன்னொருவர் அசல் இத்தாலியர். காஸ்தில்யோனே என்ற ஊரில் 1680இல் பிறந்த பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர். தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் அவரை நாம் கொண்டாடுகிறோம். எனக்கு அவரிடம் மிகப் பெரிதாகப் படுவது வேறு. செந்தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதியவர், கொடுந்தமிழ் என்று அன்று சொல்லப்பட்ட அன்றாடத் தமிழுக்கும் தனியாக ஓர் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். 1738இல் தரங்கம்பாடியில் அது அச்சேறியது. சந்தையிலும் வயலிலும் புழங்கும் வினைக்கும் விதி உண்டு என்று அந்த நூல் ஏற்றுக்கொண்டது.

இந்தத் துணிவுக்கு அவருடைய நாட்டிலேயே முன்னோடி உண்டு. 1440 வாக்கில் ஆல்பெர்த்தி என்ற அறிஞர் தஸ்கானியின் பேச்சுமொழிக்கு இலக்கணம் எழுதினார். இலத்தீனுக்குத்தான் விதி, தெருமொழிக்கு விதியில்லை என்றிருந்தவர்களுக்கு அது பதில். 1908 வரை அச்சேறாமல் கிடந்த அந்தச் சிறு நூலில் வினைப் பட்டியல்களும் இருந்தன. இன்று உலகம் படிக்கும் இத்தாலி மொழி அந்தத் தஸ்கானியப் பேச்சின் வழிவந்ததே.

ஆனால் இந்த ஐரோப்பியர் கொண்டுவந்த இலத்தீன் சட்டகத்தில் தமிழ் வினை முழுதாக அடங்கவில்லை. 'செய்யேன்' என்ற சொல்லைப் பாருங்கள். நேற்றும் செய்யேன், இன்றும் செய்யேன், நாளையும் செய்யேன். மறுப்பு வந்ததும் கால இடைநிலை விலகிக்கொள்கிறது, ஆள் மட்டும் நிற்கிறான். இத்தாலியில் 'நோன்' என்று முன்னால் சேர்த்துவிட்டு வினையை அப்படியே விடுவார்கள். மறுப்பையே ஒரு வினை வடிவமாக வைத்திருக்கும் மொழிக்கு ஐரோப்பிய இலக்கணக்காரர் புதிதாக ஒரு பத்தி போட வேண்டியிருந்தது. 'உடைந்தது', 'உடைத்தது' இரண்டையும் எண்ணிப் பாருங்கள். தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்பதை ஒற்றை மெய்யெழுத்து தீர்க்கிறது. கண்ணாடிக் குவளை கீழே விழுந்த வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இதைப் பிசகாமல் பயன்படுத்தும். 1855இல் ஜெர்மானியர் கார்ல் கிரௌல் இந்த வேறுபாடுகளை வகுப்புகளாகப் பிரித்தார். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் வகுப்பு எண் போட்டது. அந்த எண் எதற்கென்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

மலாக்காவுக்குத் திரும்புவோம். 1890களில் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து மலாக்காவின் தோட்டத் தமிழ் தொடங்குகிறது. பெரட்டு, தண்டல், கிராணி, லயம் என்று தோட்டத்துப் பெயர்ச்சொற்கள் எங்கெங்கிருந்தோ வந்தன. மரம் சீவினார்கள், பால் எடுத்தார்கள், மங்கு கழுவினார்கள், ஒட்டுப்பால் பொறுக்கினார்கள். வினைகள் ஊரிலிருந்து வந்தவை, தேயாமல் நின்றன. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. நீரிணைக் குடியேற்றமாக இருந்த மலாக்காவின் தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன. கொட்டகைதான், ஓர் ஆசிரியர்தான். ஆனாலும் கிறிஸ்தாங்குக்கும் செட்டிகளுக்கும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. வீட்டில் கேட்ட வினையைப் பிள்ளை பலகையில் எழுதிப் பார்த்தது.

தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டன. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று புக்கிட் பெருவாங், ஆயர் கெரோ தாமான் குடியிருப்புகளில் வளர்கிறார்கள். இவர்கள் பேசுவது கலப்படம் என்ற புலம்பல் ஓயாமல் கேட்கிறது. 'டப்தார் பண்ணிட்டேன்', 'தாப்பாவ் பண்ணிக்கிட்டு வர்றோம்', 'சம்பளத்த போத்தோங் பண்ணிட்டாங்க'. பதிவு செய்துவிட்டேன், உணவைப் பொட்டலமாக வாங்கி வருகிறோம், சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று பொருள். எனக்கு இதில் அச்சமில்லை. மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் வாசலிலேயே நிற்கின்றன, பண்ணு என்ற தமிழ் வினையே காலத்தையும் ஆளையும் சொல்கிறது. இத்தாலியரும் ஆங்கிலக் கிளிக்கை எடுத்து 'கிளிக்காரே' ஆக்கி, ஆரே குடும்பத்தில் சேர்த்து எல்லாக் காலங்களுக்கும் புடைபெயர்க்கிறார்கள். விகுதி உயிரோடிருக்கும் மொழி இரவல் சொல்லால் சாவதில்லை.

அச்சப்பட வேண்டிய இடம் வேறு. "பசியாறியாச்சா?" என்று பாட்டி கேட்கிறார். "சுடா" என்று மலாயில் பதில் சொல்கிறான் பேரன். அவனுக்குக் கேள்வி புரிந்தது. பதிலில் தமிழ் வினை இல்லை. பசியாறிட்டேன் என்று சொல்ல வேண்டிய வாய்ப்பு அவனுக்கு அன்று வரவில்லை, மறுநாளும் வராமல் போகலாம். செட்டி வீடுகளில் மொழி இப்படிப் படிப்படியாகத்தான் நழுவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளியும் இதற்கு ஒரு வகையில் காரணமாகிறது. வீட்டில் 'வந்துட்டேன்' என்கிற பிள்ளையிடம் அது கொச்சை என்கிறோம், 'வந்துவிட்டேன்' என்று எழுதச் சொல்கிறோம், இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்வதில்லை. இத்தாலியின் எதிர்கால வடிவம் 'பார்லெரோ' எப்படி வந்தது? பிற்கால இலத்தீன் பேச்சில் 'பேச இருக்கிறது எனக்கு' என்று பொருள்படும் இரண்டு சொற்கள் ஒட்டிச் சுருங்கி வந்தது. விடு என்ற துணைவினை சுருங்கி 'ட்டேன்' ஆனதும் அதே வழி. சிதைவு என்று நாம் ஒதுக்குவதை இத்தாலியர் தங்கள் இலக்கணப் புத்தகத்தில் முழு மரியாதையோடு அச்சிட்டிருக்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் ஆண்டிலேயே பேச்சு வடிவமும் எழுத்து வடிவமும் பக்கம் பக்கமாக நிற்கும் வினைப் பட்டியல் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். வந்துட்டேன், வந்துவிட்டேன். வந்துக்கிட்டிருக்கோம், வந்துகொண்டிருக்கிறோம். வரப் போறா, வரப் போகிறாள். வரல, வரவில்லை. இத்தாலி படிப்பவருக்குக் கைப்பேசியில் எந்த வினையைத் தட்டினாலும் எல்லா வடிவமும் வந்து நிற்கிறது. புக்கிட் பெருவாங்கிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, கணினி படிக்கும் தமிழ் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். மலேசியத் தமிழின் வினைகளுக்கு அப்படி ஒரு செயலியை எழுத அவர்களால் முடியும். தோட்டத்தில் மரம் சீவியவர்கள் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுச் சொல் சேர்க்கலாம். முதல் பட்டியலில் பசியாறு, சீவு, பொறுக்கு, உடை, பொங்கு ஆகிய ஐந்தும் இருக்கட்டும். ஆறாவதாகத் தாப்பாவ் பண்ணு.